பேக்கர்ஸ் டஜன்: 13 எப்படி ஒரு டஜன் ஆனது?

ஆங்கிலக் கதைகளிலும் செய்திகளிலும் அடிக்கடி தட்டுப்படும் தொடர் இது. இதற்கு இணையத்தில் சொல்லப்படும் விளக்கம் பெரும்பாலும் ஒரே கதைதான். அந்தக் கதையில் பாதி உண்மை, மீதி ஊகம். இந்தத் தொடரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

'பேக்கர்ஸ் டஜன்' என்றால் எத்தனை?

13. சாதாரண டஜனுக்கு மேல் ஒன்று. ரொட்டி சுடும் பேக்கர் விற்கும் டஜன் என்பது நேர்ப்பொருள். இதையே 'லாங் டஜன்' என்றும் சொல்வதுண்டு.

டஜனுக்கு 12 என்று யார் முடிவு செய்தது?

தனியாக ஒருவர் முடிவு செய்ததல்ல. சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர், பன்னிரண்டைக் குறிக்கும் 'டுவோடெசிம்' என்ற லத்தீன் சொல். 12-ஐ இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகப் பங்கு போடலாம், மிச்சம் வராது. 10-இல் அந்த வசதி இல்லை. சந்தையில் பின்னக் கணக்கு யாருக்கும் பிடிக்காது என்பதால் 12 நிலைத்துவிட்டது. 12 டஜன் ஒரு குரோஸ், அதாவது 144.

இங்கிலாந்தில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அங்கே 12 பென்னி ஒரு ஷில்லிங். 1971 பிப்ரவரி 15 வரை அந்த முறை புழக்கத்தில் இருந்தது. ஒரு பென்னி விலையுள்ள பொருளை டஜனாக வாங்கினால் ஒரு ஷில்லிங் நாணயத்தை நீட்டினால் போதும். ஒரு பென்னி ரொட்டியும் அப்படித்தான்.

எல்லோரும் சொல்லும் அந்தக் கதை என்ன?

இடைக்கால இங்கிலாந்தில் ரொட்டியின் எடை குறைந்தால் கடும் தண்டனை. பயந்துபோன பேக்கர்கள், எதற்கு வம்பு என்று 12 கேட்டவருக்கு 13 கொடுத்தார்கள். இதுதான் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. சட்டமும் நிஜம், தண்டனையும் நிஜம். ஆனால் இரண்டுக்கும் 13-ஆவது ரொட்டிக்கும் போடப்படும் முடிச்சு அவ்வளவு உறுதியானதல்ல. அதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும்.

அந்தச் சட்டம் என்னதான் சொன்னது?

மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்து 'அசைஸ் ஆஃப் பிரெட் அண்ட் ஏல்', ரொட்டிக்கும் ஏல் என்ற மதுவுக்குமான சட்டம். வழக்கமாக 1266 என்று ஆண்டு குறிப்பார்கள். இங்கிலாந்து முழுமைக்கும் உணவுப் பொருளைக் கட்டுப்படுத்திய முதல் சட்டம் என்று இதைச் சொல்வது வழக்கம்.

இதன் அமைப்பு நமக்குத் தலைகீழாகத் தெரியும். கோதுமை விலை ஏறினால் ரொட்டி விலை ஏறும் என்றுதானே நினைப்போம்? சட்டம் அப்படிச் செய்யவில்லை. கால் பென்னி ரொட்டி என்றைக்கும் கால் பென்னிதான். மாறுவது எடை. கோதுமை மலிந்தால் ரொட்டி பெருக்கும், விலை ஏறினால் சிறுக்கும். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் வருடா வருடம் இளைத்துக்கொண்டே போவதைப் பார்க்கிற நமக்கு இது புரியாமல் போகாது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே எவ்வளவு இளைக்கலாம் என்பதை அரசே அட்டவணை போட்டுச் சொன்னது.

அட்டவணையின் முதல் வரி இப்படிப் போகும்: ஒரு குவார்ட்டர் கோதுமை 12 பென்னிக்கு விற்றால், 'வாஸ்டெல்' என்ற வெள்ளை ரொட்டி, கால் பென்னிக்கு, 6 பவுண்டு 16 ஷில்லிங் எடை இருக்க வேண்டும். (குவார்ட்டர் என்பது எட்டு புஷல் கொண்ட தானிய அளவு. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவதை ஒரு நிமிடம் மறந்துவிடுங்கள்.) எடையை எதற்குப் பணக்கணக்கில் சொல்கிறார்கள் என்று குழம்ப வேண்டாம். வெள்ளிப் பென்னி நாணயமே எடைக்கல்லாகவும் இருந்தது. ஒரு பவுண்டு என்பது 240 பென்னி. ஆக, அந்த ரொட்டி 1632 வெள்ளி நாணயங்களின் எடை, இன்றைய கணக்கில் இரண்டேகால் கிலோவுக்கு மேல்.

கோதுமை 18 பென்னிக்கு ஏறினால் அதே ரொட்டி 4 பவுண்டு 10 ஷில்லிங் 8 பென்னி எடை. அதாவது 1088 நாணயம், ஒன்றரைக் கிலோவைச் சற்றே தாண்டும். 1632-ஐ 12-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் 1088 வரும். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கணக்கைப் போட்டவர் யாரோ, கை சுத்தமான மனிதர்.

பேக்கருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதையும் சட்டம் எழுதி வைத்தது. வேலையாட்களின் கூலி, உப்பு, மெழுகுவத்தி, விறகு, மாவு சலிக்கும் துணி என்று செலவுகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, அதற்கு மேல் கொஞ்சம் லாபமும் தவிடும் அவருக்கு என்று விட்டது.

எடை குறைந்தால் கையை வெட்டுவார்கள் என்று படித்தேனே?

அந்தச் சட்டத்தில் அப்படி இல்லை. சிறு குறைகளுக்கு அபராதம். குற்றம் பெரிதானாலோ திரும்பத் திரும்ப நடந்தாலோ 'பில்லரி', அதாவது தலையையும் கைகளையும் மரச்சட்டத்தில் மாட்டி ஊர் பார்க்க நிறுத்துவது.

லண்டன் நகரம் இதில் தனிப் பாணி வைத்திருந்தது. 1419-இல் தொகுக்கப்பட்ட 'லிபர் ஆல்பஸ்' என்ற நகரச் சட்டத் தொகுப்பில் அது வரிசையாக இருக்கிறது. முதல் முறை பிடிபட்டால், கில்டுஹால் மன்றத்திலிருந்து கிளப்பி, பேக்கரைத் தட்டி ஒன்றில் கிடத்தித் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். குற்றம் செய்த ரொட்டி அவர் கழுத்தில் தொங்கும். கூட்டம் அதிகமுள்ள தெருக்களாகவும் அழுக்கு மிகுந்த தெருக்களாகவும் பார்த்து இழுக்க வேண்டும் என்றே விதி. இரண்டாம் முறை பில்லரியில் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். மூன்றாம் முறை அடுப்பையே இடித்துவிடுவார்கள். அதன்பின் அந்த நகருக்குள் அவர் ரொட்டித் தொழில் செய்ய முடியாது.

கை போவதைவிட அடுப்பு போவது சிறிய தண்டனையா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

பேக்கர்கள் நிஜமாகவே ஏமாற்றினார்களா, அல்லது பாவம் பயந்தவர்களா?

இரண்டு வகையும் இருந்தார்கள். ஏமாற்றியவர்களில் மன்னன் என்றால் ஜான் பிரிட். 1327-ஆம் ஆண்டு லண்டன் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது. அந்நாளில் வீட்டில் மாவு பிசைந்து, பேக்கரின் அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கிப் போவார்கள். அப்படி வரும் மாவை வைத்து உருட்டும் மேஜையில் ஜான் பிரிட் ஒரு துளை போட்டு, அதற்கு மூடியும் வைத்திருந்தார். மேஜைக்கு அடியில் ஒரு வேலையாள். வாடிக்கையாளர் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க, கீழே இருந்தவர் துளை வழியாக மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து இறக்கிவிடுவார். இவர் மட்டுமல்ல, வேறு சில பேக்கர்களும் இதே வித்தையோடு மாட்டினார்கள். மேஜைக்கு அடியில் திருட்டு மாவு அகப்பட்டவர்களுக்கு, அந்த மாவையே கழுத்தில் கட்டிப் பில்லரி.

ஆனால் நேர்மையானவருக்கும் எடை தவறும். பிசையும்போது சரியாக நிறுத்தாலும், அடுப்பில் நீர் ஆவியாகிப் போகிறது. விறகு அடுப்பின் சூடு ஒரு மூலை போல் இன்னொரு மூலை இருக்காது. சுட்ட பிறகும் ரொட்டி காயக் காய எடை இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் சரியாக இருந்தது மாலையில் அதிகாரி தராசோடு வரும்போது குறைந்திருக்கலாம். பயத்துக்கு நியாயம் இருந்தது.

அப்படியென்றால் பயந்துதான் 13-ஆவது ரொட்டியைக் கொடுத்தார்கள், இல்லையா?

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

சட்டம் எதை நிறுத்துப் பார்த்தது? ஒரு ரொட்டியை. கால் பென்னி ரொட்டிக்கு இவ்வளவு எடை, அரைப் பென்னி ரொட்டிக்கு இவ்வளவு என்று. டஜனுக்கு மொத்த எடை என்று எதுவும் இல்லை. எடை குறைந்த ரொட்டி ஒன்று அதிகாரியின் தட்டில் ஏறிவிட்டால், "நேற்று ஒருவருக்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்தேனே" என்று சொல்லித் தப்ப முடியாது. பயந்தவர் செய்யக்கூடியது ஒவ்வொரு ரொட்டிக்கும் கொஞ்சம் கூடுதல் மாவு வைப்பதுதான்.

இன்னொரு கேள்வி, அந்தக் காலத்தில் டஜன் டஜனாக ரொட்டி வாங்கியது யார்? கிலோக்கணக்கில் கனக்கும் ரொட்டியை ஒரு குடும்பம் டஜனாக வாங்கி என்ன செய்யும்? டஜன் வாங்கியவர்கள் மறுபடி விற்பவர்கள். பேக்கரிடம் வாங்கி வீடு வீடாகக் கொண்டுபோய் விற்ற பெண்கள் லண்டனில் நிறைய இருந்தார்கள். 'ரெக்ராட்ரஸ்' என்று அவர்களுக்குப் பெயர். 13-ஆவது ரொட்டியின் சொந்தக்காரர்கள் இந்தக் கூடைக்காரப் பெண்கள்தான் என்பது என் கட்சி. லண்டனின் பழைய விதிகளே அதற்குச் சாட்சி. 12-க்கு விலை, 13 கையில், அதுதான் அவர்களுக்குரிய வருமானம் என்று அவை சொல்கின்றன.

விலையைக் குறைத்துக் கொடுத்திருக்கலாமே, எதற்கு ஒரு ரொட்டி?

சட்டம் வாங்குகிறவரின் கையையும் கட்டியிருந்தது. அந்தப் பெண் கால் பென்னி ரொட்டியைக் கால் பென்னிக்குத்தான் வாசலில் விற்க முடியும். அதற்கு மேல் கேட்டால் குற்றம். பேக்கர் அதே விலைக்கு அவளுக்குக் கொடுத்தால் அவள் நடந்த நடைக்கு என்ன கூலி?

இடையில் பேக்கர்கள் பணமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். திங்கட்கிழமை காலை ஆறு பென்னி, வெள்ளிக்கிழமை மூன்று பென்னி என்று தங்களிடம் வாடிக்கையாக வாங்கும் பெண்ணுக்குக் கையூட்டு மாதிரி ஒரு வழக்கம். நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொல்லி, அதற்குப் பதில் பழைய வழக்கப்படியே 12-க்கு 13 கொடுங்கள் என்றது. பணம் கைமாறினால் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று பார்ப்பது கஷ்டம். ரொட்டியை எண்ணிவிடலாம்.

12 ரொட்டியை விற்றால் முதல் திரும்பும், 13-ஆவதை விற்றால் வருவது லாபம். போட்ட முதலில் 12-இல் ஒரு பங்கு, நூற்றுக்கு எட்டேகால் போல. கூடையைத் தலையிலோ இடுப்பிலோ சுமந்து ஊர் சுற்றியதற்கு இது பெரிய தொகையல்ல. ஒரு ரொட்டி விற்காமல் காய்ந்து போனால் அன்றைய லாபம் அதோடு போயிற்று.

கூடுதலாகத் தரும் இந்த ரொட்டிக்கு 'இன்-பிரெட்', 'வான்டேஜ் லோஃப்' என்றெல்லாம் பெயர் இருந்தது. 'வான்டேஜ்' என்றால் ஆதாயம். எடைக்குறைவுக்கான ஈடு என்ற பொருள் அந்தப் பெயரில் இல்லை.

எடைப் பயம் இந்த வழக்கம் நிலைக்கத் துணை செய்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் இதைத் தொடங்கி வைத்தது மொத்த வியாபாரக் கழிவு.

'பேக்கர்ஸ் டஜன்' என்ற சொல் எப்போது எழுத்தில் வந்தது?

வழக்கம் 13-ஆம் நூற்றாண்டில் இருந்தும், சொல் நமக்கு எழுத்தில் கிடைப்பது 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1596-இல் தாமஸ் நாஷ் என்ற எழுத்தாளர் தன் எதிரி கேப்ரியல் ஹார்வியைத் திட்டி ஒரு வசைநூல் வெளியிட்டார். ஹார்வி சகோதரர்களுக்குச் சோதிடப் பித்து. அவர்கள் போட்ட பஞ்சாங்கங்களை 'பேக்கர்ஸ் டஜன்' கணக்கில் எண்ணி நாஷ் கேலி செய்கிறார். கேலிக்கு ஒரு சொல்லைப் பயன்படுத்த வேண்டுமானால் அது ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருந்திருக்க வேண்டும். ஆகவே பேச்சில் இது இன்னும் பழையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எப்போதும் 13-தானா?

இல்லை. 1785-இல் முதல் பதிப்பு கண்ட பிரான்சிஸ் குரோஸின் கொச்சை மொழி அகராதி, இதற்கு 14 என்று பொருள் சொல்கிறது. டஜன் வாங்குகிறவருக்கு அத்தனை ரொட்டி கொடுப்பது வழக்கமாம். இதுவும் வியாபாரக் கழிவு என்ற பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. போட்டி இருக்கும் இடத்தில் கழிவு கூடும்தானே.

அமெரிக்காவில் வேறு கதை சொல்கிறார்களே?

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரக் கதை. டச்சுக்காரர் காலத்தில் அங்கே ஒரு கஞ்சப் பேக்கர். புனித நிக்கோலஸ் உருவம் பதித்த இனிப்பு ரொட்டி சுட்டு விற்பவர். ஒரு கிழவி வந்து டஜன் கேட்கிறாள். 12 கொடுத்தால், டஜன் என்றால் 13 என்று அடம்பிடிக்கிறாள். விரட்டிவிடுகிறார். அதிலிருந்து அவர் தொழில் படுக்கிறது. கடைசியில் மனம் திருந்தி 13 கொடுக்கத் தொடங்கியதும் செழிக்கிறது.

டிசம்பரில் குழந்தைகளுக்குச் சொல்ல ஏற்ற கதை. தோற்றக் கதையாக இது நிற்காது. ஆல்பனிக்கு முன்னோடியான பெவர்வைக் குடியிருப்பு உருவானதே 1652-இல். நாஷ் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவிட்டார்.

தட்டில் 13 ரொட்டி அழகாக அடங்கும் என்பதால் வந்தது என்றும் சொல்கிறார்களே?

4, 5, 4 என்று மூன்று வரிசையாக அடுக்கினால் 13 அடங்கும், உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் நீளப் பிடியுள்ள பலகையால் ரொட்டியை நேராக அடுப்பின் தரையில் தள்ளிச் சுட்டார்கள். தட்டு பிறகு வந்தது.

13 துரதிர்ஷ்ட எண் என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தோற்றத்தில் இல்லை. ஆனால் 'டெவில்ஸ் டஜன்' என்றும் 13-ஐ ஆங்கிலத்தில் சொல்வதுண்டு. ரஷ்ய மொழியிலும் 13-க்குச் சாத்தான் டஜன் என்றே பெயர். பிரெஞ்சிலும் டச்சிலும் 'டஜனுக்குப் பதின்மூன்று' என்ற தொடர் உண்டு. டச்சுக்காரர்கள் அதை, எங்கே பார்த்தாலும் கிடைக்கும் சாமானியப் பொருள், பெரிய விஷயமில்லை என்ற அலட்சியத்தோடு சொல்வார்கள்.

ரொட்டியைத் தவிர வேறு தொழிலில் இது இருந்ததா?

புத்தகத் தொழிலில் இருந்தது. பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் கடைக்காரர்களுக்கு 12 பிரதி விலையில் 13, சில சமயம் 24 விலையில் 25 என்று கொடுத்தார்கள். காரணமும் அதேதான். அட்டையில் அச்சிட்ட விலை மாறாது, கடைக்காரருக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும்.

நம் ஊர்க் கொசுறும் இதுவும் ஒன்றா?

கிட்டத்தில் வருகிறது, ஆனால் ஒன்றல்ல. காய்கறி வாங்கிவிட்டுக் கொத்தமல்லிக் கட்டுக்குக் கை நீட்டுகிறோமே, அது கடைசி வாடிக்கையாளர் கேட்டு வாங்குவது. அளவு கடைக்காரரின் மனசைப் பொறுத்தது. பேக்கர்ஸ் டஜன், வியாபாரி வியாபாரிக்குக் கொடுப்பது. எண்ணிக்கையும் முன்பே பேசி முடிந்தது.

கொசுறுக்கு நேரான சொல் அமெரிக்காவின் லூசியானாவில் இருக்கிறது: 'லான்யாப்'. தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழியில் பிறந்து, ஸ்பானிஷ் வழியாக நியூ ஆர்லியன்ஸ் கடைத்தெருவுக்கு வந்தது. 1883-இல் மார்க் ட்வைன் மிசிசிப்பி நதி பற்றிய தன் நூலில் அதைச் சிலாகித்து எழுதும்போது, பேக்கர்ஸ் டஜனின் 13-ஆவது ரொட்டிக்குச் சமம் என்றே விளக்கினார். அவர் காலத்துக்குள் அந்தப் 13-ஆவது ரொட்டி இலவசம் என்ற பொருளுக்கு வந்துவிட்டது என்பது இதிலிருந்து தெரிகிறது. கூடைக்காரிகள் மறைந்தார்கள், அவர்கள் லாபம் வாடிக்கையாளருக்கான பரிசாகிவிட்டது.

அந்த ரொட்டிச் சட்டம் எப்போது ஒழிந்தது?

அட்டவணை முறை லண்டனில் 1815-இலும் நாட்டின் மற்ற பகுதிகளில் 1836-இலும் முடிந்தது. அதன்பின் விலையைக் கடைக்காரர் வைக்கலாம், ஆனால் நிறுத்துத்தான் விற்க வேண்டும்.

பேச்சிலும் எழுத்திலும் இதை எப்படிப் பயன்படுத்துவது?

கறாரான கணக்குக்கு இது ஆகாது. கடை ஆர்டரிலோ அலுவலகக் கடிதத்திலோ 13 வேண்டுமென்றால் 13 என்றே எழுதுங்கள். 12 என்று எண்ணி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் விளையாட்டாகச் சொல்லும் இடத்தில் நன்றாகப் பொருந்தும்: 'ஷி ஹாஸ் எ பேக்கர்ஸ் டஜன் ஆஃப் கேட்ஸ்' என்றால் 13 பூனை வைத்திருக்கிறாள், அதில் சொல்பவருக்கு ஒரு சிரிப்பும் இருக்கிறது. தலைப்புகளில், '13 வழிகள்' என்று போடக் கூசுகிறவர்கள் இதைப் போடுவார்கள்.

எழுதும்போது மேற்குறி 'பேக்கர்' முடிந்த பிறகு, 'எஸ்' எழுத்துக்கு முன்னால் வரும். ஒரு பேக்கரின் டஜன், பல பேக்கர்களுடையதல்ல.

இதோடு 'நைன்டீன் டு த டஜன்' என்பதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மூச்சுவிடாமல் படபடவென்று பேசுவதைச் சொல்வது. எண்ணிக்கையோடு அதற்கு வேலையில்லை.

இன்றைக்கு வெளிநாட்டுக் கடையில் டஜன் கேட்டால் 13 தருவார்களா?

அமெரிக்காவில் பேகல் என்ற வளைய ரொட்டி விற்கும் கடைகள் சிலவற்றில் தருவார்கள். பலகையிலேயே எழுதியிருக்கும். எழுதியில்லாத கடையில் 12-தான். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, கோபித்துக்கொள்ள மட்டும் உரிமையில்லை.